கைவேலைப் பொருளை ஆன்லைனில் வாங்கும்போது நான் கேட்கும் கேள்விகள்

கையால் செய்த பொருள் ஒன்றை இன்ஸ்டாகிராமிலோ வாட்ஸ்அப் குழுவிலோ பார்த்துப் பிடித்துப்போனால், பணம் அனுப்பும் முன் ஒரு கேள்வி கேட்பேன். "இதையே வேறு கலரில் செய்து தர முடியுமா?" எனக்கு வேறு கலர் வேண்டியிருக்காது. பதில் எப்படி வருகிறது என்று பார்க்கத்தான் கேட்கிறேன். தானே செய்பவர் என்றால் பதில் நீளும். "பச்சையில செய்யலாம்க்கா. ஆனா இப்ப மழை, மண்ணு காய மாட்டேங்குது, பத்து நாள் ஆகும். அந்தப் பச்சைக்கு ஆன்டிக் கோல்டு போட்டா எடுப்பா இருக்கும், சில்வர் வேண்டாம்" என்று கேட்காததையும் சேர்த்துச் சொல்வார். வாங்கி விற்பவர் என்றால், "இந்த கலர் மட்டும்தான் ஸ்டாக் இருக்கு சிஸ், வேணும்னா புக் பண்ணிடுங்க" என்று இரண்டு வரியில் முடித்துக்கொள்வார்.

வாங்கி விற்பதில் தப்பு ஒன்றும் இல்லை. சௌகார்பேட்டையில் டஜன் கணக்கில் எடுத்து, வீட்டிலிருந்தே விற்று நாலு காசு பார்க்கும் பெண்கள் சென்னையில் நிறைய. நானே அவர்களிடம் வளையலும் கவரிங்கும் வாங்குகிறேன். அதே சரக்கை "நானே செய்தது" என்று சொல்லி இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலை வைக்கும்போதுதான் கோபம் வருகிறது.

என் நாத்தனார் பெரம்பூரில் டெரகோட்டா நகை செய்து விற்கிறார். அவர் வீட்டுக்குப் போனால் பாதிப் பேச்சு குடும்பக் கதை, மீதி கஸ்டமர் கதை. அதனால் இந்த வியாபாரத்தில் விற்பவர் பக்கமும் எனக்கு ஓரளவு தெரியும். மண்ணைச் சலித்து, ஊறவைத்து, காற்றுக் குமிழ் போகப் பிசைந்து, உருட்டி, ஊசி முனையால் கோடு இழுத்து, நிழலில் நாள் கணக்கில் உலர்த்தி, அப்புறம்தான் சூளை. உள்ளே ஈரம் இருக்கும்போது அவசரப்பட்டுச் சுட்டால் நீராவி வெளியே வர வழியில்லாமல் துண்டு வெடித்துவிடும். தப்பிப் பிழைத்ததற்குத்தான் பெயின்டும் கொக்கியும் மணியும். ஐப்பசியில் ஆர்டர் போட்டுவிட்டு மூன்றாம் நாளே "ஏன் இன்னும் அனுப்பலை?" என்று கேட்பவர்களுக்கு, தண்ணீர் தேங்கி நிற்கும் மொட்டை மாடியைப் படம் எடுத்து அனுப்பிவிடுவார். வேறு பதில் எதுவும் எழுத மாட்டார்.

டெரகோட்டா வாங்கும்போது கேட்க வேண்டியது இதுதான்: சுட்ட மண்ணா, காற்றிலேயே காயும் களிமண்ணா? இரண்டும் பெயின்ட் அடித்த பிறகு படத்தில் ஒன்று போலத்தான் தெரியும். சுட்டது தண்ணீர் பட்டால் கரையாது, ஒன்றோடொன்று லேசாகத் தட்டினால் கணீரென்று சத்தம் வரும். சுடாதது மந்தமாக ஒலிக்கும், வியர்வையிலும் மழையிலும் நாளடைவில் உதிரும். காற்றில் காயும் களிமண்ணில் அழகான வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். அதைச் சொல்லி விற்கட்டும், அவ்வளவுதான். "தட்டுற சத்தம் கேக்குற மாதிரி ஒரு சின்ன வீடியோ அனுப்ப முடியுமா?" என்று கேட்டால் செய்பவர் யாரும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. நாத்தனாருக்கு இப்படிக் கேட்பவர்களைத்தான் பிடிக்கும். சரக்கைப் பற்றித் தெரிந்தவர்கள் என்று அர்த்தமாம்.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. விற்பவரின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் உள்ள படத்தை, படத்தை வைத்தே தேடித் தரும் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அதே படம் வேறு பத்துக் கடைகளில் வந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். வராவிட்டாலும் உறுதியில்லை, ஏனென்றால் இப்போது செய்முறை வீடியோக்களையே திருடிப் போடுகிறார்கள். அதனால் ஜன்னலோர வெளிச்சத்தில், உள்ளங்கையில் வைத்து, இன்றைக்கு எடுத்த ஒரு படம் கேட்பேன். நிறம், அளவு, பொருள் கையில் இருக்கிறதா என்பது எல்லாம் அந்த ஒரு படத்திலேயே தெரிந்துவிடும். ரிங் லைட்டில் எடுத்த மெரூன் வீட்டுக்கு வரும்போது செங்கல் நிறமாக இருப்பது எல்லாருக்கும் நடந்திருக்கும். "லைட்டிங்கால் நிறம் கொஞ்சம் மாறலாம்" என்று பக்கத்திலேயே எழுதி வைத்துத் தப்பித்துக்கொள்வார்கள். இன்ஸ்டாகிராம் பக்கத்தின் மெனுவில் கணக்கைப் பற்றிய விவரம் என்று ஒரு இடம் உண்டு. கணக்கு எப்போது தொடங்கியது என்று அங்கே தெரியும், பல கணக்குகளுக்கு எத்தனை முறை பெயர் மாற்றினார்கள் என்பதும் தெரியும். போன மாதம் வரை சினிமா மீம்ஸ் போட்டுக்கொண்டிருந்த பக்கம் இன்று காஞ்சிபுரம் பட்டு விற்கிறது என்றால் நான் நகர்ந்துவிடுவேன். பின்னூட்டங்களை மூடி வைத்திருக்கும் பக்கங்களிடமும் அப்படித்தான். இன்னொன்று, நல்ல பெயர் எடுத்த சின்னப் பக்கங்களுக்குப் போலிகள் வருகின்றன. பெயரில் ஒரு புள்ளியோ கோடோ கூடுதலாக இருக்கும், படங்கள் எல்லாம் அசலிலிருந்து எடுத்தவை. தோழி அனுப்பிய இணைப்பாக இருந்தாலும் ஒரு முறை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுப் பணம் போடுங்கள்.

ஆரி வேலைக்கு வருகிறேன், அதாவது கொக்கி ஊசியால் பிளவுஸில் போடும் பூவேலை. இதில்தான் பணமும் அதிகம், மனஸ்தாபமும் அதிகம். தங்கை மகள் கல்யாணத்துக்கு முகூர்த்தப் பிளவுஸை ஆன்லைனில் பார்த்த ஒரு பெண்ணிடம் கொடுத்தோம். அவர் இருப்பது பம்மலில். வேலை அருமை. ஆனால் கொடுப்பதற்கு முன்னால் நடந்த பேச்சுவார்த்தை, பெண் பார்க்கும் படலத்தை விட நீளம்.

முதலில் கையா, மெஷினா? பிளவுஸின் உள்பக்கத்தைப் படம் கேட்டால் போதும். ஆரி ஊசியில் போட்டது வெளியே சங்கிலி மாதிரியும் உள்ளே நேர்கோட்டுத் தையல் மாதிரியும் இருக்கும். நூலை முடிச்சுப் போட்டு முடித்த இடங்கள் ஆங்காங்கே தெரியும். மெஷின் எம்பிராய்டரியில் உள்ளே பாபினிலிருந்து வரும் அடி நூல் ஒரே சீராக ஓடும், துணிக்குக் கீழே வைத்த காகிதம் போன்ற தாள் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டிருக்கும். மெஷின் வேலையும் நன்றாகத்தான் இருக்கிறது, விலைதான் வேறாக இருக்க வேண்டும். அடுத்து, என்னென்ன வைக்கிறார்கள் என்பது. குந்தன் கல், ஜர்தோசி ஜரிகைச் சுருள், கட் பீட்ஸ் மணி, சம்கி, முத்து என்று எது எவ்வளவு என்பதைப் பொறுத்து விலை ஏறும். "பிரைடல் வேலை ஆறாயிரம்" என்று மொட்டையாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளக் கூடாது. முதுகு முழுவதுமா, கழுத்தோரம் மட்டுமா, கை முழங்கை வரையா, தையல் கூலி சேர்த்தா, லைனிங் யார் தருவது, எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தில் வர வேண்டும். போனில் பேசியதை யாரும் வேண்டுமென்று மறப்பதில்லை. ஒரே சமயத்தில் பதினைந்து கல்யாணப் பெண்களோடு பேசுபவருக்கு எது யாருக்குச் சொன்னது என்று குழம்பிவிடும். போன் பேசி முடித்ததும், "அக்கா, நாம பேசினது இதுதானே" என்று நானே தட்டச்சு செய்து அனுப்பி, ஒரு "ஆமா" வாங்கிக்கொள்வேன்.

அளவுப் பிளவுஸ் கொடுப்பதாக இருந்தால், இப்போது போட்டுப் பார்த்துச் சரியாக இருக்கும் பிளவுஸையே கொடுங்கள். கல்யாணப் பெண் நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் இடையில் இளைப்பது வழக்கம். உள்ளே தையலுக்குத் துணி விடச் சொல்லுங்கள். ஆரி போட்ட பிறகு பிரித்துத் தைப்பது பெரும்பாடு, கழுத்தோர வேலை இருக்கும் இடத்தில் முடியவே முடியாது. தேதியைப் பொறுத்தவரை, முகூர்த்தத் தேதியைச் சொல்லாமல் அதற்கு இரண்டு வாரம் முந்திய தேதியைத்தான் நாங்கள் சொன்னோம். தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்தம் நெருக்கும் மாதங்களில் இவர்களுக்குத் தூக்கமே கிடையாது. ஒருவர் குனிந்து உட்கார்ந்து ஃப்ரேமில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் போட முடியும் என்று ஒரு கணக்கு இருக்கிறது.

பாதிப் பணம் முன்பணமாகக் கேட்பது இந்தத் தொழிலில் நியாயமானதுதான். உங்கள் பெயரும் தேதியும் போட்டுச் செய்த பிளவுஸை வேறு யாருக்கும் விற்க முடியாதல்லவா. ஆனால் முழுப் பணத்தையும் முதலிலேயே கேட்டால் யோசிப்பேன். பாதி முதலில், ஃப்ரேமில் வேலை முடிந்த படம் வந்ததும் கொஞ்சம், கையில் வாங்கும்போது மீதி என்று பேசினால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள்.

சேலைக்கு வந்தால் கதை வேறு. ஒரு பக்கத்தில் "சுத்தப் பருத்தி, கைத்தறி" என்று போட்ட சேலையைப் பார்த்தேன். "நூறு சதவீதம் காட்டன்தானே?" என்று கேட்டதற்கு, "ஆமா சிஸ், ப்யூர் காட்டன்" என்று பதில் வந்தது. சேலை வந்தது. கையில் எடுத்ததுமே வழுவழுப்பு சரியில்லை. முந்தி ஓரத்தில் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டினேன். பருத்தியாக இருந்தால் காகிதம் எரிவது போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு என்றால் முடி கருகிய வாசனை வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். இது சுருண்டு உருகி, குண்டூசித் தலை மாதிரி கெட்டியாக நின்றது. பாலியஸ்டர் கலப்பு. நெடுக்கு நூல், குறுக்கு நூல் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சிலர் ஒன்றில் மட்டும் கலப்பார்கள்.

திருப்பி அனுப்புகிறேன் என்றால், "நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச், பேஜ்லயே போட்டிருக்கோம்" என்றார். இந்த வாசகத்தைப் பார்த்துப் பலர் வாயடைத்துப் போகிறார்கள். பிடிக்கவில்லை, கலர் மனசுக்கு ஒட்டவில்லை என்று திருப்பி அனுப்புவது ஒன்று. சொன்னது ஒன்று வந்தது ஒன்று என்பது வேறு. முதலாவதற்கு அவர் வாசகம் செல்லும், அதைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டாவதற்குச் செல்லாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணத்தைக் கொடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். ரசீதில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. ரசீது கொடுக்காமல் இருப்பதும் அந்தப் பட்டியலிலேயே வருகிறது. 2020இல் வந்த இணைய வணிக விதிகளும் இதையேதான் சொல்கின்றன: விளம்பரப்படுத்திய தன்மை பொருளில் இல்லையென்றால் திருப்பி எடுத்தாக வேண்டும்.

நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். தமிழிலேயே பேசலாம். பதிந்ததும் கிடைத்த புகார் எண்ணை, "ப்யூர் காட்டன்" என்று அவர் சொன்ன அரட்டையின் ஸ்கிரீன்ஷாட்டோடு அவருக்கே அனுப்பினேன். சில நாள் இழுத்துவிட்டு, கூரியர் செலவைக் கழித்துக்கொண்டு பணத்தைப் போட்டுவிட்டார். அதற்கும் மசியாதவர் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்பவர் ஊருக்கு அலைய வேண்டாம். பொருளின் மதிப்பு 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. ஆயிரம் ரூபாய்ச் சேலைக்கு அவ்வளவு தூரம் போவதா என்றால், நான் போக மாட்டேன். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் என்றால் போவேன்.

சேலை விஷயத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. சில்க் மார்க் சீட்டைக் காட்டி, "பாருங்க, ஒரிஜினல் கைத்தறி" என்பார்கள். 2004இல் வந்த அந்த முத்திரை பட்டு சுத்தமானது என்பதை மட்டும்தான் உறுதி செய்கிறது. விசைத்தறியில் நெய்த சுத்தப் பட்டுக்கும் அதை ஒட்டலாம். கைத்தறியா என்பதற்குக் கைத்தறி முத்திரை தனியாக உண்டு, அது 2006இல் வந்தது. சின்ன விற்பனையாளர் பலரிடம் இந்த இரண்டுமே இருக்காது, அதனாலேயே அவர்களைப் போலி என்று சொல்லிவிட முடியாது. அப்போது எந்த ஊரில் நெய்தது, உடலும் கரையும் வேறு நிறமாக இருந்தால் கோர்வையா, அதாவது இரண்டையும் தனித்தனி நூலில் நெய்து தறியிலேயே இணைத்ததா, கோர்வை சேரும் இடத்தின் பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்பேன். நெசவாளரிடம் நேரடியாக எடுப்பவருக்கு இதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். ஒரு தடவை எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் கடைக்குப் போய் நல்ல கைத்தறியைத் தொட்டுப் பார்த்து, விலைச் சீட்டையும் பார்த்துவிட்டு வந்தால், ஆன்லைனில் எந்த விலைக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்று ஒரு நிதானம் வந்துவிடும்.

விலை என்றதும், கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷா நினைவுக்கு வருகிறது. குரோஷா பின்னலைப் பின்ன மெஷின் கிடையாது. மெஷினில் வருவது அதைப் போலத் தெரியும் வேறு வகைப் பின்னல். ஆகவே கடையில் நூற்றைம்பது ரூபாய்க்குத் தொங்கும் அசல் குரோஷாப் பையும் யாரோ ஒருவர் கையால் பின்னியதுதான், அவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் ஊரில் ஒரு பெண் அதே பைக்கு எண்ணூறு சொன்னால், "ஏன் இவ்வளவு, அங்கே குறைவா இருக்கே" என்று பேரம் பேச எனக்கு வாய் வராது. கட்டுப்படியாகாவிட்டால் வாங்காமல் இருந்துவிடுவேன், அல்லது "என் பட்ஜெட் ஐந்நூறு, அதுக்குள்ள என்ன செய்ய முடியும்?" என்று கேட்பேன். சின்ன அளவில், குறைந்த வேலையில் ஏதாவது செய்து தருவார்கள். பேரமே பேசக் கூடாது என்று சொல்லவில்லை. நாலு வாங்கும்போது கூரியர் செலவை அவர் ஏற்றுக்கொள்ளச் சொல்லலாம், ரெடி ஸ்டாக்கில் ரொம்ப நாளாகக் கிடப்பதற்குக் குறைத்துக் கேட்கலாம். கூலியில் கை வைப்பதைத்தான் தவிர்க்கிறேன். விலையையே போடாமல் "விலைக்கு டிஎம்", அதாவது தனிச் செய்தியில் கேளுங்கள் என்று எழுதும் பக்கங்கள் மீது எனக்குத் தீராத எரிச்சல் உண்டு. ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள் என்ற சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை.

சோப்பு, சாப்பாட்டு வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "கெமிக்கலே இல்லாத சோப்பு" என்று சொல்பவரிடம் வாங்க மாட்டேன். எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேராமல் சோப்பு உண்டாகாது. எண்ணெயைக் காய்ச்சாமல் செய்யும் முறையில், வெட்டிய பிறகு நாலு முதல் ஆறு வாரம் உலர வைக்க வேண்டும். "எவ்வளவு நாள் உலர வைக்கிறீங்க?" என்ற ஒரு கேள்வி போதும், தானே செய்கிறவரா, கடையில் கட்டியாக வரும் சோப்பு பேஸை உருக்கி அச்சில் ஊற்றுகிறவரா என்று தெரிந்துவிடும். உருக்கி ஊற்றுவதும் மோசமில்லை, விலை குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவே. மழைக்காலத்தில் சோப்பு மேல் முத்து முத்தாகத் தண்ணீர் கோர்த்தால் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். கிளிசரின் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கிறது, சென்னையில் அது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். சோப்பும் சட்டப்படி அழகுசாதனப் பொருள்தான். தயாரிப்பு உரிம எண், தயாரித்த மாதமும் ஆண்டும், எதற்குள் பயன்படுத்த வேண்டும் என்ற தேதி எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். ஊறுகாய், பொடி, வடகம் எதுவானாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண் கேளுங்கள். மேற்கு மாம்பலத்து மாமி கைப்பக்குவமாக இருந்தாலும் கேளுங்கள். வீட்டில் செய்து விற்பவர்களுக்கும் அந்தப் பதிவு கட்டாயம், அதை வாங்குவதும் பெரிய செலவில்லை.

ஜிஎஸ்டி எண் இல்லாதவரை மோசடி என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பொதுவாக அந்தப் பதிவு தேவை. வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து மணி கோர்ப்பவர் அந்தத் தொகைக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. அதே போல முகவரி. விற்பவர் முகவரி வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் தனியாக வீட்டில் இருக்கும் பெண்கள் வீட்டு முகவரியைப் பக்கத்தில் போடத் தயங்குவதும் புரிகிறது. நாத்தனாருக்கே கண்ட நேரத்தில் கதவைத் தட்டியவர்கள் உண்டு. நான் செய்வது: பகுதி எது என்று கேட்பேன், ஒரு தடவை போனில் பேசுவேன், பில்லில் பெயரும் முகவரியும் போட்டு அனுப்பச் சொல்வேன். சென்னைக்குள் என்றால் மெட்ரோ ஸ்டேஷனில் நேரில் வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்பேன். ஆலந்தூர் ஸ்டேஷனில் அப்படி எத்தனையோ பார்சல் வாங்கியிருக்கிறேன். பார்த்து வாங்கலாம், கூரியர் செலவும் மிச்சம், அவருக்கும் வீட்டைக் காட்ட வேண்டிய அவசியமில்லை. போலி ஆசாமிகள் இந்தக் கேள்வியிலேயே காணாமல் போய்விடுவார்கள்.

பணம் அனுப்பும்போது முதல் ஆர்டரைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். யுபிஐயில் திரையில் தெரியும் பெயரை அவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். கணவர் பெயரில் கணக்கு இருக்கலாம், அதை அவர் முன்னாலேயே சொல்லிவிட்டால் சரி. தனிநபர் கணக்குக்கு யுபிஐயில் அனுப்பிய பணத்தைத் திரும்ப இழுக்க வழி கிடையாது. பெரிய தளங்கள் வழியாக வாங்கும்போது அந்தத் தளத்தின் ரீஃபண்ட் விதிகளாவது துணைக்கு இருக்கும். "ரீஃபண்ட் போடறோம், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் நம் கணக்குக்கு வர பின் நம்பரே தேவையில்லை. ஏமாந்துவிட்டால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே போன் போடுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை வழியில் முடக்க வாய்ப்பு இருக்கிறது. மறுநாள் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போகாதீர்கள்.

அப்புறம் இந்த ஓப்பனிங் வீடியோ. பார்சலைப் பிரிக்கும்போது வெட்டு இல்லாமல் வீடியோ எடுக்க வேண்டும், இல்லையென்றால் புகார் கேட்க மாட்டோம் என்று கிட்டத்தட்ட எல்லாப் பக்கத்திலும் போட்டிருக்கிறார்கள். முதலில் எனக்கு இது அவமானமாகப் பட்டது. நாத்தனார் தரப்பைக் கேட்ட பிறகு ஒத்துக்கொண்டேன். கல்யாணத்துக்குப் போட்டுக் கழற்றிவிட்டு, "உடைஞ்சு வந்தது" என்று திருப்பி அனுப்பியவர்கள் அவருக்கு உண்டு. இப்போது போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து, முகவரி ஒட்டிய பக்கத்தைக் காட்டி, ஒட்டுநாடா கிழியாமல் இருப்பதையும் காட்டிவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுக்கிறேன். வீடியோ இல்லை என்பதற்காகப் பொருளின் குறை மறைந்துவிடாது, சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் இருந்தால் வாக்குவாதம் ஐந்து நிமிடத்தில் முடிகிறது.

கொலு பொம்மைக்கு இது ரொம்பவே உதவும். மண் பொம்மையில் கழுத்து, விரல், வில், வீணையின் முனை இவைதான் உடையும் இடங்கள். ஒருவரிடம் கல்யாண செட் வாங்கியபோது நாதஸ்வரக்காரர் நாதஸ்வரம் இல்லாமல் வந்து சேர்ந்தார். வீடியோவை அனுப்பியதும் மன்னிப்புக் கேட்டு, மறுவாரமே வேறு நாதஸ்வரக்காரரை வைக்கோல் சுற்றி, பெட்டிக்குள் பெட்டி வைத்து அனுப்பினார். அவரிடம்தான் இன்றும் வாங்குகிறேன். தூரத்திலிருந்து வரவழைப்பதாக இருந்தால் காகிதக்கூழ் பொம்மை பரவாயில்லை, எடையும் குறைவு, உடைவதும் குறைவு. மண்தான் வேண்டும் என்பவர்கள் புரசைவாக்கத்தை ஒட்டிய கொசப்பேட்டைக்கோ மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்கோ போய்க் கையோடு எடுத்து வருவதே மேல். இதில் எனக்கு ஆன்லைன் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆர்டர் கொடுத்துச் செய்யச் சொல்வதாக இருந்தால் ஆடியிலேயே சொல்லிவிட வேண்டும். புரட்டாசி பிறந்த பிறகு, நவராத்திரிக்கு நாலு நாள் இருக்கும்போது, "அர்ஜென்ட்" என்று கேட்டால் மிச்சம் மீதிதான் கிடைக்கும்.

மழைக்காலத்தை எதிலும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண் காயாது, இயற்கைச் சாயத் துணி உலராது, கூரியர் வண்டி நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. அந்த வாரத்தில் அங்கே இருந்த ஒரு விற்பனையாளரிடம் "டிராக்கிங் நம்பர் எங்கே?" என்று குழுவில் சண்டை போட்டவர்களைப் பார்த்து எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. தாமதமானால் முதலில் தனியாகக் கேளுங்கள். பதிலே வராவிட்டால் பொதுவில் எழுதுங்கள், என்ன தேதியில் என்ன நடந்தது என்று வரிசையாக எழுதுங்கள். நல்லதாக வந்தாலும் அதே மாதிரி விவரமாக, நம் வீட்டு வெளிச்சத்தில் எடுத்த படத்தோடு எழுதலாம். "சூப்பர் சிஸ்" என்ற விமர்சனத்தை வைத்து அடுத்து வாங்குபவர் எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

இத்தனை சோதனையும் வேண்டாம் என்றால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. கண்காட்சியில் முதல் தடவை பாருங்கள், இரண்டாம் தடவையிலிருந்து ஆன்லைனில் வாங்குங்கள். நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் சுய உதவிக் குழுப் பெண்கள் கடை போடுகிறார்கள். ஆழ்வார்பேட்டையில் சி.பி. ராமஸ்வாமி ஐயர் அறக்கட்டளை வளாகத்திலும் கைவினை விற்பனை நடக்கும். முட்டுக்காடு தட்சிணசித்ராவில் செய்பவர் எதிரிலேயே உட்கார்ந்து செய்துகொண்டிருப்பார். தொட்டுப் பார்த்து, கேள்வி கேட்டு, பிடித்தால் போன் எண்ணை வாங்கி வைத்துக்கொள்வேன். பத்தமடைப் பாய் விற்பவர், செட்டிநாட்டுப் பனையோலைக் கொட்டான் முடையும் ஒரு அம்மா, இவர்கள் எல்லாம் எனக்கு அப்படிக் கிடைத்தவர்கள்தான். அந்த அம்மாவுக்கு இன்ஸ்டாகிராம் எல்லாம் தெரியாது. பேத்தி வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவாள், நான் பணம் போடுவேன், கொட்டான் ஸ்பீடு போஸ்ட்டில் வந்து சேரும்.

வாங்கிய பிறகு பழுது பார்த்துத் தருவார்களா என்று ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தானே செய்பவர் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். நாத்தனார் தன்னிடம் வாங்கிய ஜிமிக்கியின் கொக்கி போனால் மாற்றித் தந்துவிடுவார், காசு வாங்க மாட்டார், போக வரக் கூரியர் செலவு மட்டும் நம்முடையது. அனுப்பும்போது உடைந்ததை மட்டும் அனுப்பக் கூடாதாம், ஜோடியாக அனுப்ப வேண்டுமாம். ஒன்றுக்கு மட்டும் புதுக் கொக்கி போட்டால் காதில் இரண்டும் வேறு வேறு உயரத்தில் தொங்கும் என்கிறார்.